விற்பனையில் முதல் வேலை: உரக் கம்பெனியா, ட்ரோன் ஸ்டார்ட்அப்பா?

இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கேட்டவர் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்து இளைஞர். வேளாண்மையில் இளநிலைப் பட்டம், வயது 23. கையில் இரண்டு வேலைக் கடிதங்கள். ஒன்று, பல பத்தாண்டுகளாக உரமும் பூச்சிமருந்தும் விற்கும் பெரிய நிறுவனத்தில் விற்பனை அலுவலர் வேலை. மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் பகுதி; மாதம் 24,000 ரூபாய், பெட்ரோல் படி தனி. மற்றொன்று, மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னையில் தொடங்கிய ட்ரோன் மருந்துத் தெளிப்பு நிறுவனத்தில் டெல்டா மாவட்டங்களின் பொறுப்பாளர் வேலை. மாதம் 36,000 ரூபாய், அதில் 10,000 இலக்கை எட்டினால் மட்டும். கூடவே நிறுவனப் பங்குகள் தருவதாகப் பேச்சு. அப்பா குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறார். கல்விக் கடன் தவணை தொடங்கப் போகிறது. அப்பா முதலாவதைச் சொல்கிறார், கல்லூரி நண்பர்கள் இரண்டாவதைச் சொல்கிறார்கள்.

தம்பி, என் பதில் உரக் கம்பெனி. இரண்டு சம்பா நெல் பருவம் முடியும் வரை அங்கே இருங்கள், பிறகு யோசியுங்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் சில விஷயங்களைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவற்றில் ஒன்று தவறினாலும் என் பதில் மாறிவிடும். நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். பெரிய நிறுவனத்தில் ஏரியா மேலாளராகவும், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் இருந்த சிறு நிறுவனத்தில் விற்பனைத் தலைவராகவும். இப்போது கும்பகோணத்தில் இருந்துகொண்டு நிறுவனங்களுக்காக விற்பனை ஆட்களை நேர்காணல் செய்து தருகிறேன். ஆகவே ஒரு பக்கத்தின் மீது மட்டும் பாசம் வைத்துச் சொல்லவில்லை.

ஸ்டார்ட்அப் என்றால் வேகமாகக் கற்கலாம், பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பு. இப்படித்தான் எல்லோரும் இந்தக் கேள்வியைப் பிரிக்கிறார்கள். பெங்களூரிலோ சென்னையிலோ அது ஓரளவு பொருந்தலாம். அங்கே நீங்கள் இன்று ஒரு வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டு நாளை வேறு ஆயிரம் பேரிடம் போகலாம். டெல்டாவில் விற்பவனுக்கு அந்த வசதி கிடையாது. நீடாமங்கலம் கடைத்தெருவில் இருக்கும் உரக்கடைகளை ஒரு முற்பகலில் சுற்றி வந்துவிடலாம். அதே கடைக்காரரிடம் குறுவைக்குப் போவீர்கள், சம்பாவுக்குப் போவீர்கள், உளுந்து விதைக்கும் நேரத்தில் மறுபடியும் போவீர்கள். அவருடைய மைத்துனர் வலங்கைமானில் கடை வைத்திருப்பார். அவரிடம் மருந்து வாங்கும் விவசாயி உங்கள் சித்தப்பாவின் சம்பந்தியாக இருப்பார். நீங்கள் விற்ற பொருள் வேலை செய்யவில்லை என்றால் நிறுவனத்தின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "இன்னார் மகன் கொண்டுவந்து கொடுத்தான்" என்றுதான் பேச்சு இருக்கும்.

ஆகவே நான் எந்த வேலைக் கடிதத்தையும் ஒரே கேள்வியால்தான் அளப்பேன். இந்த வேலையில் சேர்ந்தால், அடுத்த போகத்திலும் அதே கடைக்குள் தலைநிமிர்ந்து நுழைய முடியுமா? முடியும் என்றால் நிறுவனம் புதியதா பழையதா என்பது இரண்டாவது விஷயம். முடியாது என்றால் 50,000 ரூபாய் கொடுத்தாலும் அந்த வேலை உங்கள் முதல் வேலையாக இருக்கக் கூடாது. விற்பனையில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சம்பாதிப்பது சம்பளத்தைவிட அதிகமாகப் பெயரைத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத் தென்னையைச் சாய்த்த பிறகு, நிலுவைக்காகக் கடை வாசலில் நெருக்கிய ஆட்களும் இருந்தார்கள், தலைமை அலுவலகத்தோடு வாதாடித் தவணையைத் தள்ளி வாங்கிக் கொடுத்த ஆட்களும் இருந்தார்கள். இரண்டாம் வகையினர் பிறகு எத்தனை நிறுவனம் மாறினாலும் அந்தக் கடைக்காரர்கள் அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள்.

இந்த அளவுகோலால் முதலில் ட்ரோன் நிறுவனத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது என்பது கேள்வியிலேயே தெரிகிறது.

அந்தத் தொழிலுக்கு டெல்டாவில் உண்மையான தேவை இருக்கிறது. மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை. கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் நடந்து அடிப்பவரின் உடம்பில் அந்த மருந்து படிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 10 லிட்டர் தொட்டி உள்ள ட்ரோன் ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். 2021-இல் ட்ரோன் விதிகள் வந்தன. பயிருக்கு ட்ரோனில் மருந்து தெளிப்பதற்கான நடைமுறை வழிகாட்டலும் அதே ஆண்டு டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகத்திடமிருந்து வந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் என்ற திட்டத்துக்கு 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஆக, இது ஊதிப் பெருக்கிய துறை அல்ல. இன்னும் பத்து ஆண்டுகளில் நம் வயலில் இது சாதாரணக் காட்சியாகிவிடும் என்றுதான் நானும் நம்புகிறேன்.

சிக்கல் தேவையில் இல்லை. நீங்கள் கொடுக்கப்போகும் வாக்குறுதியில் இருக்கிறது. புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேளாண்மை படித்தவர், அது தூரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைத்தெளிப்பில் பயிரை விலக்கி அடித்தண்டில் படும்படி அடி என்கிறோம். மேலிருந்து மிகக் குறைந்த தண்ணீரில் அடிக்கும் ட்ரோன், அடர்ந்து நிற்கும் சம்பாப் பயிரின் தூர் வரைக்கும் மருந்தைக் கொண்டு சேர்க்கிறதா? உயரம், வேகம், துளியின் அளவு எல்லாம் சரியாக அமைய வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு நன்றாக வேலை செய்த கருவியைப் புகையானுக்கும் அதே தைரியத்தோடு விற்கச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். பதில் சொல்பவர் வயலில் நின்று பார்த்தவரா என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது இன்னும் முக்கியம். பூச்சி ஊரைப் பார்த்து வருவதில்லை. வந்தால் ஒரே வாரத்தில் திருவாரூர் முதல் மயிலாடுதுறை வரை எல்லோருக்கும் மருந்தடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நடுவில் வெயில் தலைகாட்டும் சில மணி நேரத்துக்குள் அடித்தாக வேண்டும். அந்த வாரத்துக்கு நிறுவனத்தின் கையில் டெல்டாவில் எத்தனை ட்ரோன் இருக்கிறது, உரிமம் பெற்ற பைலட் எத்தனை பேர், பாட்டரி எத்தனை ஜோடி? இலக்கு ஏக்கர் கணக்கில் கொடுத்திருப்பார்கள். கருவியின் திறனை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். இலக்கு திறனைத் தாண்டி இருந்தால், நீங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு வர முடியாத இடங்களுக்கு வாக்குக் கொடுக்கப்போகிறீர்கள். அந்த வீட்டு வாசலுக்குத் தை மாதம் போக முடியாது.

இந்தச் சோதனையில் அவர்கள் தேறிவிட்டால், சென்ற ஆண்டு வாங்கியவர்களில் இந்த ஆண்டு மறுபடியும் பணம் கொடுத்து அழைத்தவர்கள் யார் என்று கேளுங்கள். அவர்களில் பத்துப் பேருடைய ஊரைக் கேட்டு வாங்கி, நேரில் போங்கள். மானியத்தில் இலவசமாக அடித்துக் காட்டிய வயல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சொந்தப் பணம் கொடுத்து இரண்டாம் முறை அழைத்தவர் ஐந்து பேர் இருந்தாலும் நான் என் பதிலை மாற்றிக்கொள்கிறேன், ட்ரோன் நிறுவனத்துக்கே போங்கள். புதிய நிறுவனத்தின் உடல்நலத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. முதலீட்டாளர் யார், செய்தித்தாளில் என்ன வந்தது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி உரக் கம்பெனி. இந்த வேலையைப் பற்றி இளைஞர்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: பைக்கில் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பது, அவ்வளவுதான் என்று. யூரியா மட்டும் விற்றால் அப்படித்தான். 45 கிலோ மூட்டையின் விலை அரசு நிர்ணயித்தது, 266 ரூபாய் 50 காசு. ஆதார் எண்ணை விற்பனை முனைக் கருவியில் பதிந்துதான் விவசாயிக்குக் கொடுக்க முடியும். தட்டுப்பாடு காலத்தில் அதை விற்க யாருடைய திறமையும் தேவையில்லை. நுண்ணூட்டம், நீரில் கரையும் உரம், புதிய பூச்சிமருந்து ஆகியவற்றில்தான் விற்பனையாளன் உருவாகிறான். அதைக் கடைக்காரர் கேட்டு வாங்க மாட்டார். நீங்கள் ஒரு வயலில் பாதிக்கு அடித்து, பாதியை விட்டு, பதினைந்து நாள் கழித்துப் பத்து விவசாயிகளை வரப்பில் நிறுத்திக் காட்ட வேண்டும். அவர்கள் கடைக்குப் போய்க் கேட்ட பிறகு கடைக்காரர் உங்களை அழைப்பார்.

இங்கேதான் நீங்கள் சரிபார்க்க வேண்டிய முதல் விஷயம் இருக்கிறது. உங்கள் இலக்கு எதில் எண்ணப்படுகிறது? நிறுவனம் டீலருக்குச் சரக்கு இறக்கியதிலா, டீலரிடமிருந்து விவசாயிக்குப் போனதிலா? முதலாவது மட்டும் என்றால் மாதக் கடைசியில் உங்கள் வேலை சரக்கைத் திணிப்பதாக ஆகிவிடும். கடைக்காரர் உங்கள் முகத்துக்காக ஏற்றிக்கொள்வார். அது அலமாரியில் தேங்கும், காலாவதி தேதி நெருங்கும், திருப்பி எடுக்கச் சொல்வார், நிறுவனம் எடுக்காது. யூரியா வேண்டுமென்றால் இதையும் சேர்த்து வாங்கு என்று கட்டாயப்படுத்தும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அப்படி இணைத்து விற்கக் கூடாது என்று அரசு திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது, கடையின் உரிமத்துக்கே ஆபத்து. உங்களை இதைச் செய்யச் சொல்லும் மேலாளர் இருந்தால் நிறுவனம் எவ்வளவு பெரியது என்பதால் ஒரு பயனும் இல்லை. நேர்காணலில் இப்படிக் கேளுங்கள்: "டீலரிடம் தேங்கும் சரக்கை எந்த விதிப்படி திருப்பி எடுக்கிறீர்கள், சென்ற சம்பாவில் என் பகுதியில் எவ்வளவு எடுத்தீர்கள்?" தெளிவான பதில் வந்தால் நல்ல இடம்.

உரக் கம்பெனி உங்களுக்குக் கற்றுத்தரப்போகிற பெரிய பாடம் வசூல். விற்பனையைப் பற்றி ஆயிரம் பேச்சு கேட்டிருப்பீர்கள், வசூலைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். டெல்டாவில் உரக்கடை அறுவடைக் கடனில்தான் ஓடுகிறது. விவசாயி நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கடைக்குக் கொடுப்பார். கடைக்காரர் அதற்குப் பிறகு உங்களுக்குக் கொடுப்பார். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டும், மூட்டைகள் களத்தில் காத்துக் கிடக்கும், தளர்வு கேட்டு மாவட்டமே டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் உங்கள் மேலாளர் தினமும் வசூல் எங்கே என்று கேட்பார். எந்தக் கடைக்காரரின் பணம் உண்மையிலேயே களத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, யார் வசூலித்த பணத்தை வேறு வியாபாரத்தில் போட்டுவிட்டுக் காரணம் சொல்கிறார் என்று பிரித்தறிய வேண்டும். இந்தக் கண் வந்துவிட்டால், பிறகு நீங்கள் எதை விற்கப்போனாலும், மென்பொருளோ மருத்துவக் கருவியோ, உங்களை ஏமாற்றுவது கடினம். புதிய நிறுவனங்கள் பலவற்றில் முன்பணம் வாங்கித்தான் வேலை. கடன் கொடுத்து வசூலிக்கும் பழக்கம் அங்கே கிடைக்காது.

இரண்டு சம்பா என்று நான் சொல்வதற்குக் காரணம் மேட்டூர். அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12. 2024-இல் தண்ணீர் இல்லாமல் காத்திருந்து ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். 2025-இல் மறுபடியும் ஜூன் 12. ஏப்ரலில் போட்ட விற்பனைத் திட்டம் 2024-இல் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குறுவைக்கான சரக்கு கடையில், ஆற்றில் மணல். பல மாநிலங்களில் விற்கும் நிறுவனம் அப்படி ஓர் ஆண்டைத் தாங்கும். தஞ்சை குறைந்தால் வேறோர் ஊர் ஈடுகட்டும். டெல்டாவையே பெரிதும் நம்பியிருக்கும் மூன்று வயது நிறுவனத்துக்குக் கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் ஒவ்வொன்றாவது பார்த்தால்தான் உங்கள் இலக்கை எட்டியது உங்கள் உழைப்பால் எவ்வளவு, காவிரியால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு போகம் மட்டும் பார்த்துவிட்டு வேலை மாறுகிறவர்களிடம் நேர்காணலில் இந்தத் தெளிவு இருப்பதில்லை.

பணத்துக்கு வருகிறேன். 36,000 என்றும் 24,000 என்றும் ஒப்பிடாதீர்கள். ட்ரோன் நிறுவனத்தில் உறுதியானது 26,000. பெட்ரோல் அதற்குள்ளா வெளியேவா என்று கடிதத்தில் பாருங்கள். மன்னார்குடியிலிருந்து கிளம்பி நீடாமங்கலம், கும்பகோணம் என்று சுற்றினால் நாளுக்கு 90 கிலோமீட்டர் வந்துவிடும். மாதம் 25 நாள் என்றால் 2,250 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டிக்கு 45 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 4,500 ரூபாய் போகும். டயர், ஆயில், சர்வீஸ் தனி. நான்கு மாவட்டத்துக்கும் நீங்கள் ஒருவர் என்றால் இதுபோல இரண்டு மடங்கு. படி தராவிட்டால் கையில் நிற்பது உரக் கம்பெனியைவிடக் குறைவு. இலக்கை எட்டினால் வரும் 10,000-ஐக் கல்விக் கடன் தவணைக்கு நம்பக் கூடாது. அந்தத் தவணை உறுதியான சம்பளத்திலிருந்து மட்டும் போக வேண்டும்.

பங்குகளைப் பற்றி நண்பர்கள் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. திருச்சியில் வளர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அவரே சொன்னார். அது நடந்தது உண்மை, நம் பக்கத்துக்காரர் செய்தது எனக்கும் பெருமை. அந்தக் கதையின் முன்பாதியையும் பாருங்கள்: அவர் நிறுவனம் தொடங்குவதற்கு முன் பல ஆண்டுகள் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார், அங்கே சேர்ந்தது விற்பனைக்கு முந்தைய தொழில்நுட்ப உதவிப் பணியில். வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்பதை இன்னொருவர் கட்டிய வீட்டில் இருந்து கற்றுக்கொண்டார்.

உங்கள் கடிதத்தில் "பங்குகள் வழங்கப்படும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அதன் மதிப்பைச் சுழியம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எத்தனை பங்கு, நிறுவனத்தின் மொத்தப் பங்கில் அது எவ்வளவு, எந்த விலையில் வாங்கும் உரிமை, எத்தனை ஆண்டில் முழுதாகக் கைக்கு வரும் என்பது எழுத்தில் வேண்டும். சட்டப்படி உரிமை வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழிந்த பிறகே முதல் பகுதி உங்களுடையதாகும்; நான்கு ஆண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது பரவலான வழக்கம். அந்த உரிமையைப் பயன்படுத்திப் பங்கை வாங்கும்போது, சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி வரும். பங்கை விற்க ஆள் இல்லாத நிலையிலும் அந்த வரிக்கணக்கு நிற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பெரியது, பழையது என்பதற்காகவும் மயங்க வேண்டாம். 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியைவிட டெல்டாவில் பழக்கமான பெயர் சிலவே. 2020 நவம்பரில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது, பழைய பங்குதாரர்களின் பங்கு மதிப்பு முழுதும் அழிந்தது. ஆனால் ஊழியர்கள் அதே ஊதிய நிபந்தனைகளோடு தொடர்ந்தார்கள். மறுபக்கம் 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புச் சொல்லப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ், அதே ஆண்டு அக்டோபரில் 2,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தது, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. இரண்டும் விழுந்தவைதாம். விழுந்தபோது அங்கே வேலை பார்த்தவர் எங்கே நின்றார் என்ற வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய பாடம்.

கடிதத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது, உங்களை வேலைக்கு எடுப்பது யார் என்பது. பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நேர்காணல் நடக்கும். நியமனக் கடிதம் வரும்போது கீழே ஓர் ஆள் சப்ளை ஏஜென்சியின் முத்திரை இருக்கும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பகுதியில் இளைஞர்கள் அதிகம் சிக்குவது இதில்தான். ஆஃப்-ரோல் என்பார்கள். பதவி உயர்வு, பயிற்சி, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றிலும் நீங்கள் வெளியாள். அப்படி இருந்தால் உரக் கம்பெனிக்கு நான் சொன்ன ஆதரவைத் திரும்பப் பெறுகிறேன். சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால் இஎஸ்ஐ என்ற அரசின் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், ஆகவே குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் சேர்வார்களா என்று கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பொதுவாக வருங்கால வைப்பு நிதி பிடிக்க வேண்டும். அது ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்பதை அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒருவரின் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். ட்ரோன் நிறுவனம் பதிவான தேதியும், கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தது என்பதும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

இரண்டு இடத்திலும் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள், வைப்புத்தொகை கட்டாதீர்கள். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஒரு பத்தி இருந்தால் அதற்காக அஞ்ச வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அப்படிப்பட்ட தடையைச் செல்லாது என்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. "முதலில் சேருங்கள், கடிதம் பிறகு வரும்" என்று எவர் சொன்னாலும் சேர வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் நேரடி மேலாளர். சேரும் முன் ஒரு நாள் அவரோடு வண்டியில் சுற்ற அனுமதி கேளுங்கள். நல்லவர்கள் மறுக்க மாட்டார்கள். கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வருகிறாரா, கணக்கு நோட்டை மறைக்கிறாரா என்று பாருங்கள். தேநீர் சொல்லும் கடைகள் எத்தனை, "அப்புறம் பார்க்கலாம் சார்" என்று அனுப்பும் கடைகள் எத்தனை? முடியாது என்று கடைக்காரர் சொன்னதும் அவர் என்ன செய்கிறார்? காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறாரா, தள்ளுபடியை ஏற்றுகிறாரா? அந்த ஒரு நாளில் அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எப்படிப்பட்ட விற்பனையாளர் ஆவீர்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ட்ரோன் நிறுவனத்தில் உங்களுக்கு மேலே சென்னையில் இருக்கும் நிறுவனர் மட்டும்தான் என்றால், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், வயலில் உங்கள் பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லை. முதல் வேலையில் அது பெரிய இழப்பு. இரண்டாவது வேலையில் அதே சுதந்திரம் பெரிய வரம்.

அப்பா நிலையான வருமானத்தைப் பற்றி மட்டும்தான் கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் குத்தகைச் சாகுபடிக்காரர், கடையில் கடன் வாங்கியவர். எந்த நிறுவனத்து ஆள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், எவர் அறுவடைக்குப் பிறகு முகம் காட்டவில்லை என்று அவருக்குத் தெரியும். இரண்டு நிறுவனங்களின் பெயரையும் சொல்லி, வாங்குபவராக அவர் என்ன நினைக்கிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள். அவர் பேசிப் பழகிய கடைக்காரரிடமும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

உரக் கம்பெனியை எடுத்தால், ட்ரோன் நிறுவனத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். நிறுவனருக்கே தொலைபேசியில் பேசுங்கள்: டெல்டாவில் இரண்டு சம்பா களத்தில் நிற்க விரும்புகிறேன், உங்கள் தெளிப்பை என் பகுதி விவசாயிகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவ்வப்போது சொல்கிறேன், அப்போது இடம் இருந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று. புரிந்துகொள்ளும் நிறுவனர் என்றால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்வார். நீங்களும் ஒவ்வொரு பயணத்திலும் எந்த ஊரில் யார் ட்ரோன் அடிக்கக் கூப்பிட்டார், ஏக்கருக்கு என்ன கொடுத்தார், அடுத்த முறையும் கூப்பிட்டாரா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 2 ஆண்டு கழித்து அவர்களிடம் பேச உட்காரும்போது சம்பளத்தையும் பங்கையும் பேச உங்களுக்கு அந்த நோட்டு வேண்டியிருக்கும். கடிதங்களுக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பத்து நாளாவது கேட்டு வாங்குங்கள். விவசாயிகளைப் பார்க்கவும், மேலாளரோடு ஒரு நாள் சுற்றவும் அது போதும்.